எட்டு மணிக் குரல்

அத்தியாயம் 14

சஞ்சய் - பார்கவி கல்யாணத்துக்குச் சரியாக இன்னும் இருபத்திரண்டு நாள். நீலசந்திரா விஹாரத்தில் தேதி வாங்கியாயிற்று, புத்தர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் மிச்சம் என்று சஞ்சயின் அம்மா ரத்தினம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறொன்றும் மிச்சம் இருக்கிறது. அது அவள் மகள் ஷோபாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வாராவாரம் கூட வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சஞ்சய் வேலை பார்ப்பது பொம்மசந்திராவில், பாட்டில்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில். அங்கே நடந்த ரத்த தான முகாமில் வரிசையில் முதலாவதாக நின்று ரத்தம் கொடுத்தான். இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். பத்து மாதமாகத் தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறான்.

எப்படி வந்தது என்பதை அக்கா ஷோபாவிடம் ஒரே வரியில் சொன்னான். அவளும் இரண்டாவது வரி கேட்கவில்லை. ஆனால் அவன் அதைச் சொன்ன நாள் இருக்கிறதே, அதுதான் அவளை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது. நிச்சயதார்த்தத்தன்று காலை. சமையல்காரர் வந்து அடுப்பு மூட்டிவிட்டார், தொம்மலூரிலிருந்து பெண் வீட்டார் புறப்படத் தயாராக இருந்தார்கள். "கல்யாணத்துக்குள்ள நானே சொல்லிடறேங்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஷோபா வாயை மூடிக்கொண்டாள். நான்கு மாதம் ஆகிவிட்டது.

பார்கவியைப் பொறுத்தவரை அது சத்து மாத்திரை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேடிக்கை என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது, எச்.ஐ.வி. பற்றி நீலசந்திராவில் தெருத்தெருவாக நாடகம் போட்டு, 'சோதனை பண்ணிக்கோங்க, கட்டிக்கப் போறவங்ககிட்ட சொல்லுங்க' என்று தொண்டை கட்டக் கத்துகிறவள் இதே ஷோபாதான்.

*

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஷோபா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு 'நம்ம அலை' வானொலியில் போகப்போகும் நாடகத்தை, கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடச் சொல்லி, அங்கே நாடகங்களைத் தயாரிக்கும் லாயிட் அனுப்பியிருந்தார்.

'நம்ம அலை' தொம்மலூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன சமுதாய வானொலி. இரண்டு மூன்று ஏரியாவைத் தாண்டிக் கேட்காது. கேட்கிற இடத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும்.

நாடகத்தை எழுதியது ஷோபா. மதன் என்று ஒருத்தன், எச்.ஐ.வி. உள்ளவன். கோகிலாவைக் கட்டிக்கொள்ளப் போகிறான், அவளிடம் சொல்லவில்லை. வானொலியில் கதை பாதியில் நிற்கும். மிச்சத்தை நீலசந்திராவில் தெருச் சங்கத்து ஹாலில் கூடிக் கேட்கிற ஜனங்களே மேடையேறி நடித்து முடிக்க வேண்டும். தம்பி காதில் விழட்டும் என்றுதான் இப்படி ஒரு கதையை எழுதினாள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. குக்கர் விசில். குழாயடியில் குடம் உருளும் சத்தம். பிறகு மதனின் போனில் அலாரம்.

"எட்டு மணி ஆயிடுச்சு! சத்து மாத்திரை போட்டாச்சா? போடலன்னா நான் போனை விட்டுப் போவமாட்டேன், ஆமா!" அதன் முடிவில் ஒரு குட்டிச் சிரிப்பு.

ஷோபாவின் கையில் கத்தி நின்றது.

அது நடிகையின் குரல் இல்லை, பார்கவியின் குரல். நிச்சயமான வாரமே சஞ்சயின் போனை வாங்கி, தன் குரலைத் தானே பதிந்து, அலாரமாக வைத்துக் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். தினம் எட்டு மணிக்கு இந்த வீட்டில் கேட்கிற குரல். அது எப்படி நாடகத்துக்குள் வந்தது?

யோசித்துப் பார்த்தாள். லாயிட்டுக்கு நிஜமான வீட்டுச் சத்தம் வேண்டும். பொய்ச் சத்தம் பிடிக்காது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷோபா தன் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஜகதாம்பாள் தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிட, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போன் தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருந்தது. வந்ததும் நிறுத்தினாள், கேட்டுப் பார்க்காமல் அப்படியே அனுப்பினாள். பத்து நிமிடம் கேட்டவருக்கு முப்பது நிமிடம் போயிருக்கிறது. நடுவில் எட்டு மணி அடித்திருக்கிறது.

"ஷோபா!" உள்ளறையிலிருந்து ரத்தினம்மாள் குரல் கொடுத்தாள். "சாயங்காலம் உன் நாடகத்துக்குப் பார்கவிய வரச் சொல்லிட்டேன்டி. பாவம், அதுவும் கடையில பில்லு போட்டுப் போட்டுப் பேஜாராயி கெடக்குது. வந்து சந்தோஷமா பாக்கட்டும்."

ஷோபா வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

*

ஆட்டோவில் ஏறியதும் தொம்மலூர் என்று சொல்லத்தான் தெரிந்தது. டிரைவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், இவள் தமிழில் பதில் சொன்னாள், அவர் சிரித்துக்கொண்டே தமிழுக்கு வந்துவிட்டார். வழியெல்லாம் அவர் பேசியது எதுவும் இவள் காதில் ஏறவில்லை.

லாயிட் அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஐம்பது வயது மனிதர், பாராட்டுவதென்றால் பிசினாறி. இன்றைக்குப் பல் தெரியச் சிரித்தார்.

"ஷோபா, யாரும்மா அந்தப் பொண்ணு? நம்ம ஆர்ட்டிஸ்ட் நாலு பேரு வந்தாலும் அந்த ஒரு லைனுக்கு ஈடாவாது. எங்க புடிச்ச? அடுத்த எபிசோடுக்கும் கூட்டியா."

"அத வெட்டணும் சார்."

"எத?"

"அந்த அலாரத்த. அந்தக் குரலு போவக் கூடாது."

லாயிட்டின் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அந்த அறைச் சுவரில் நாடகக் குழுவின் விதிகள் கையெழுத்தில் ஒட்டியிருக்கும். மூன்றாவது விதி: நிஜ ஆள் யாரும் நாடகத்துக்குள் வரக்கூடாது, வந்துவிட்டால், ஏன் என்று கேட்காமல் வெட்டிவிட வேண்டும்.

"மூணாவதா?" என்றார்.

ஷோபா தலையை ஆட்டினாள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தக் குரலைத் தேடிப் பிடித்து அழித்தார். அதே இடத்தில் சாதாரண மணிச் சத்தம் ஒன்றை வைத்தார். ட்ரிங், ட்ரிங். உயிரே இல்லாத சத்தம்.

"மாத்தியாச்சு. அஞ்சு மணிக்கு இதுதான் போவும்." சொல்லிவிட்டுத் திரும்பாமலே இன்னொன்றும் சொன்னார். "கேக்கக் கூடாதுதான். அந்தப் பொண்ணுக்காவது தெரியுமா, அது எதுக்கு வெச்ச அலாரம்னு?"

ஷோபா படியிறங்கினாள்.

*

சஞ்சய்க்கு முதல் ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஆடுகோடியில் இறக்கிவிடும்போது மூன்று மணி. அதற்கு அரைமணி முன்னாடியே ஷோபா போய் நின்றுவிட்டாள்.

"என்னாக்கா இங்க நிக்கற? அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மா நல்லாத்தான் இருக்கா. நீ இப்டி வா."

பக்கத்தில் பேக்கரி. வாசலில் நின்று டீ குடிக்கிறவர்களிடமிருந்து தள்ளி, பால் டிரே அடுக்கியிருந்த மூலைக்கு அவனை இழுத்துப் போனாள். காதில் ஒயரை மாட்டி, பழைய ஃபைலின் கடைசி நிமிடத்தைப் போட்டாள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறியது.

"இது பார்கவி."

"ஆமா."

"எப்டிக்கா இது உள்ள போச்சு? அஞ்சு மணிக்கு... ஐயோ, அம்மா அவளக் கூப்ட்ருக்கறாளே! அவ கேட்டான்னா..."

"வெட்டிட்டு வந்துட்டேன்."

சஞ்சய் கண்ணை மூடி மூச்சை விட்டான். சிரித்தான். "அப்பாடா. உயிரே போயிடுச்சு எனக்கு. டீ சொல்லட்டா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஷோபாவுக்கு அவனை ஓர் அறை விடலாம் போலிருந்தது. தன்னையும் சேர்த்து.

"எப்போடா சொல்லப் போற?"

"சொல்றேங்கா."

"இருபத்திரண்டு நாளு இருக்குது. எப்போ?"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "டாக்டரே என்ன சொன்னாரு? ரத்தத்துல அளவே தெரியாத மாதிரி எறங்கிடுச்சு, இப்டியே மாத்திரைய விடாம போட்டா கூட வாழற பொண்ணுக்கு வராது, கொழந்த பெத்துக்கலாம்னு சொன்னாரா இல்லையா? நீயும் அதத்தான மைக்ல சொல்ற? அவளுக்கு வரப்போறதே இல்ல. அப்புறம் எதுக்கு அவளப் போட்டுப் பயமுறுத்தணும்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஷோபா மைக்கில் சொன்ன வார்த்தைகளையே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தனக்கு முன்னால் சுவர் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"வராதுன்னு அவ்ளோ தெளிவாத் தெரியுதில்ல? அத அவகிட்டயே சொல்றதுக்கு என்னடா பயம்?"

சஞ்சய் டிரேயில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.

"போயிடுவாக்கா" என்றான். "அவ்ளோதான். போயிடுவா."

அவனுக்கு இருபத்தொன்பது வயது. அப்பா போனபிறகு அவளே கையைப் பிடித்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போன தம்பி. ஷோபாவுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"போவட்டும்னு நான் சொல்லலடா. போறதா, இருக்கறதா, அத அவ முடிவு பண்ணணும். நீயும் நானும் உக்காந்து பண்ணிக்கினு இருக்கறோம். நாலு மாசமா."

"இன்னிக்கே சொல்லிடறேன்." திடுமென்று நிமிர்ந்தான். "நாலரைக்கு அவ பஸ் எறங்குவா. நானே போயி கூட்டிக்கினு வரேன். வழியிலயே சொல்லிடறேன். உம்மேல ஆணையா."

அவன் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல் பத்தடி வேகமாக நடந்தான். அதற்கப்புறம் நடை தளர்ந்தது.

*

நாலே முக்காலுக்குச் சங்கத்து ஹாலில் பெண்கள் கூட்டம் முன்பக்கம் நிறைந்துவிட்டது. ஆண்கள் வழக்கம்போல் சுவரோரம். மேசை மேல் ரேடியோ, அதற்குப் பெரிய ஸ்பீக்கர்.

ஷோபா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்கவி வந்தாள். கையில் வேர்க்கடலைப் பொட்டலம், தலையில் புதுப்பூ, வாய் நிறையப் பேச்சு. "அண்ணி, எனக்கு முன் வரிசதான் வேணும், சொல்லிட்டேன்!" ஓடிப்போய் ரத்தினம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, கடல" என்று நீட்டினாள்.

பின்னால் சஞ்சய். அக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. ஜனங்கள் சிரிக்கிற இடத்தில் சிரித்தார்கள், மதனைத் திட்டுகிற இடத்தில் திட்டினார்கள். ஷோபாவுக்கு ஒரே கவலை. லாயிட் மாற்றிவிட்டார், ஆனால் கம்ப்யூட்டர் பழையதையே எடுத்துவிட்டால்? குக்கர் விசில் கேட்டது. குடம் உருண்டது. பார்கவி கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

ட்ரிங், ட்ரிங்.

வாசலில் சஞ்சயின் தோள் இறங்கியது தெரிந்தது. ஷோபாவுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கமாகவும் இருந்தது.

ரேடியோவை நிறுத்தியதும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒவ்வொரு வாரமும் விதிகளைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது அவள் வேலை. மனப்பாடமான பேச்சு.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மதனா சுனில் நிப்பாரு. கோகிலா எடம் காலியா இருக்குது. நீங்க யாரு வேணா வரலாம். நடுவுல புடிக்கலன்னா 'நில்லு'ன்னு சத்தம் குடுங்க. குடுத்தவங்க வந்து அந்த எடத்துல நிக்கணும். செவப்புத் துண்டு தோள்ல இருக்கற வரைக்கும் நீங்க கோகிலா, நீங்க மதன். நான் பறைய அடிச்சதும் துண்ட எடுத்துட்டு, சபையப் பாத்து, உங்க பேரச் சொல்லி, இது வேஷம்னு சொல்லணும். சொல்லாம யாரும் எறங்கக் கூடாது."

இந்தக் கடைசி விதி சும்மா வந்ததில்லை. முதல் வருடம் குழுவின் நடிகர் சுனில் நோயாளியாக இதே ஹாலில் நடித்தார். மறுநாள் வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நடிப்பு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து துண்டை எடுத்துப் பேரைச் சொல்லாமல் யாரும் மேடையைவிட்டு இறங்கியதில்லை.

"கோகிலாவா யாரு வரீங்க?"

கையைத் தூக்கினது பார்கவி.

"வேற யாராவது?" என்றாள் ஷோபா, அவசரமாக.

"ஏன், இந்தப் பொண்ணுக்கு என்னா கொறச்சல்?" ஜகதாம்பாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "கல்யாணப் பொண்ணு. பொருத்தமா இருக்கும். போம்மா நீ!"

பெண்கள் கைதட்டினார்கள். பார்கவி கடலைப் பொட்டலத்தை ரத்தினம்மாள் மடியில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். ஷோபாவேதான் சிவப்புத் துண்டை அவள் தோளில் போட வேண்டியிருந்தது.

பார்கவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "என்னாங்க மதன் சாரு, டெய்லி எட்டு மணியானா ரூமுக்குள்ள ஓடறீங்களாமே. என்னா முழுங்கறீங்க?"

சுனில் பழைய ஆள். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னார். "ஒண்ணுமில்ல கோகிலா. ஒடம்பு வீக்குன்னு டாக்டரு சத்து மாத்திரை குடுத்தாரு."

சத்து மாத்திரை. வெட்டி எறிந்துவிட்டு வந்த அதே வார்த்தை. அதை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை. ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளும் சொல்லக்கூடிய பொய்தானே அது.

பார்கவி சபையின் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பாத்து வெச்சிருக்கறவரும் இதேதான் சொல்றாரு! ஆம்பளைங்களுக்கெல்லாம் ஒரே டாக்டரா?"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. ஜகதாம்பாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். ரத்தினம்மாளும் சிரித்து, மகன் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். பார்கவியும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. புருவம் லேசாகச் சுருங்கியது. அதை ஷோபா பார்த்தாள்.

"நில்லு!"

வாசலிலிருந்து வந்த குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். சஞ்சய் வந்துகொண்டிருந்தான். செருப்பைக் கழற்றவும் மறந்து, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் புகுந்து வந்தான். "பாருடா, மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்திருச்சு!" என்று யாரோ கத்த, மறுபடி சிரிப்பு. தான் சொன்ன வேடிக்கை நிஜம் என்று தெரியாமல் நடுவில் ஒருத்தி நிற்கிறாள். அதைத்தான் அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்று ஷோபாவுக்குப் புரிந்தது. சுனில் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டு ஒதுங்கினார்.

ஷோபா பறைக்குச்சியை ஓங்கினாள். ஓர் அடி அடித்தால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். இப்படி ஊர்கூடி நிற்கிற இடத்தில் வேண்டாம்டா, இது முறையில்லை, தனியாகக் கூட்டிப்போய்ச் சொல். ஆனால் தனியாக எத்தனை நாள் கிடைத்தது அவனுக்கு? இன்றைக்குக்கூடக் கிடைத்ததே? குச்சி தானாக இறங்கியது.

"கோகிலா" என்றான் சஞ்சய். "அது சத்து மாத்திரை இல்ல."

பார்கவி இடுப்பிலிருந்த கையை எடுத்தாள்.

அவன் போனை எடுத்தான். விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை சத்தம் வந்தது.

"எட்டு மணி ஆயிடுச்சு! சத்து மாத்திரை போட்டாச்சா? போடலன்னா நான் போனை விட்டுப் போவமாட்டேன், ஆமா!"

ஜனங்கள் 'ஓ' என்றார்கள். பார்கவி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீதான் இத வெச்சுக் குடுத்த. தெனம் நீ கேக்கற, நான் போட்டுட்டேன்னு சொல்றேன். எதுக்குன்னு மட்டும் சொல்லல. எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. பத்து மாசமா. மாத்திரைய ஒரு நாள் விட்டதில்ல. உனக்கு வராதுன்னு டாக்டரு சொல்றாரு. என்னை நம்ப வேணாம், நீயே வந்து அவரக் கேளு. கேட்டுட்டு நீ என்னா சொல்றியோ, அதான்."

ஜகதாம்பாள்தான் முதலில் கைதட்டினாள்.

"ஐயையோ, இன்னாமா நடிக்கறான்டி இந்தப் பையன்! எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு!"

எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ரத்தினம்மாள் மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷோபா பறையை அடித்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சஞ்சய் துண்டை எடுத்தான். சபையைப் பார்த்து நின்றான்.

"என் பேரு சஞ்சய்."

அடுத்த இரண்டு வார்த்தைதான் மிச்சம். எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். சுவரோரம் நின்ற ஆண்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். கைதட்டல் ஓய்ந்து, பின்வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. சொல்லுடா, சொல்லித் தொலை என்று ஷோபா மனசுக்குள் கெஞ்சினாள். அவனால் முடியவில்லை. இவ்வளவு நாள் பொய் சொன்னவனுக்கு இன்றைக்கு அந்த ஒரு பொய் வரவில்லை.

பார்கவி தன் தோளில் இருந்த துண்டை உருவினாள்.

"என் பேரு பார்கவி" என்றாள் சத்தமாக. "இது வேஷம். அவருக்கும் சேத்து நானே சொல்லிடறேன். எங்க ரெண்டு பேருக்குமே வேஷம்தான். அவரு கூச்சப்படறாரு, நீங்க கைதட்டுங்க!"

சபை குலுங்கிச் சிரித்தது. முன்னைவிடப் பலமான கைதட்டல். 'இப்பவே புருஷனுக்குப் பரிஞ்சு பேசுது பாரு' என்றாள் ஒருத்தி. முணுமுணுப்பு அதில் அமுங்கிப்போனது.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே பார்கவி கையை நீட்டி, சஞ்சயின் கையிலிருந்த போனை எடுத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. துண்டை நாலாக மடித்தபடி நேராக ஷோபாவிடம் வந்து கையில் கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"அண்ணி, நீங்க அந்த வீட்லதான் இருக்கறீங்க. இந்த அலாரத்த எத்தனை நாளாக் கேக்கறீங்க?"

"நாலு மாசமா" என்றாள் ஷோபா. அவளுக்கே கேட்காத குரல்.

"அது எதுக்குன்னு?"

ஷோபா தலைகுனிந்தாள்.

"தெரிஞ்சேதான் கேட்டுக்கினு இருந்தீங்களா? தெனமும் நான் பைத்தியம் மாதிரி கேக்கறத?" பார்கவி கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அவரு பயந்தாரு, சரி. நீங்க மைக்ல பேசறவங்க அண்ணி."

முன்வரிசைக்குப் போய் "வரேன் அத்தை" என்று ரத்தினம்மாளிடம் சொன்னாள். செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தொம்மலூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். சஞ்சய் வாசல்வரை ஓடினான். கூப்பிடவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றான்.

ரத்தினம்மாள் மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தை மெதுவாகச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தாள். "ஷோபா" என்றாள். "வீட்டுக்கு வா. கொஞ்சம் கேக்கணும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறேகால். எட்டு மணிக்கு அந்த அலாரம் பார்கவியின் கையில், அவள் குரலிலேயே அடிக்கும்.